நான் எழுதாத வரி

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஓசூரில் ஜூலை மாதத்திலும் இப்படிக் குளிரும் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்வெட்டரை வவுனியாவில் விட்டு வந்தது பிழை.

மத்திகிரியில் அறை கிடைத்துவிட்டது. மாடியில் ஒரே அறை, இரண்டு கட்டில். ஒன்று எனக்கு. மற்றது நாகவேணி அக்காவுக்கு. பக்கத்துப் பேரிகை ஊர்க்காரி, இருபத்தேழு வயது, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கீழே வீட்டுக்காரர் முனிரத்தினம். ஓய்வு பெற்றவர். மனைவி பெங்களூரில் மகளோடு. இவர் மட்டும் இங்கே.

வாங்க: வாளி, கொடிக்கயிறு, பூட்டு (பெரியது), சவர்க்காரம், கொப்பி.

கடையில் கொப்பி கேட்டேன். காபித்தூள் பாக்கெட்டை எடுத்து வைத்தார். பிறகு கையால் எழுதிக் காட்டினேன். "நோட்டா? நோட்டுன்னு சொல்லும்மா. மலையாளமா நீ?" இன்றைக்கு அப்படிக் கேட்ட மூன்றாவது ஆள்.

அந்தக் கொப்பிதான் இது.

ஜூலை 9, புதன்

வகுப்பு தொடங்கியது. டை டிசைன், அதாவது உலோக அச்சு வடிவமைப்பு, ஒரு வருடம். ஆசிரியர் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, தமிழுக்கு வந்து, பின்வரிசைக்காகக் கன்னடத்துக்குப் போகிறார். பாதி விளங்குகிறது.

அலுவலகத்தில் வெளிநாட்டவர் படிவம் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். முகவரி மாறினால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து, அதனால் வீடு மாறாதே என்று கண்டிப்பாகச் சொன்னார் அங்கிருந்த பெண்.

மு. (வீட்டுக்காரர்) கண்ணாடி போட்டுப் படிவத்தை மூன்று தரம் படித்தார். கடவுச்சீட்டை போனில் படம் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று சொல்லவில்லை.

"ஏம்மா, உங்க ஊர்ல இந்தப் படிப்பு இல்லியா?"

"இருக்கு ஐயா. இங்க உதவித்தொகை கிடைச்சது."

"போலீஸ்ல இருந்து போன் வருமா எனக்கு?"

"வரலாம். சும்மா விசாரிக்கத்தான்."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 12, சனி

வெயில். துணி காய்ந்தது.

படி ஏறும்போது கேட்டது. கீழே மு., நா. (இனி நாகவேணி அக்காவை இப்படித்தான்) இருவரும் தெலுங்கில். அவர்: "ரோஜூ ராஸ்துந்தா?" அவள்: "ரோஜூ." ரோஜாவைப் பற்றியா? இங்கே ஊர் முழுக்க ரோஜாத் தோட்டம்தான். ஆனால் என்னைக் கண்டதும் இருவரும் நிறுத்திவிட்டார்கள். நா. சிரித்தாள். ரோஜாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏன் நிறுத்த வேண்டும்?

ஜூலை 14, திங்கள்

நா. இன்றைக்குக் கேட்டவை. எத்தனை மணிக்கு வருவேன். போனில் யார். அப்பா என்ன வேலை. தினமும் இவ்வளவு நேரம் என்ன எழுதுகிறேன்.

"சும்மா" என்றேன்.

"சும்மா யாராச்சும் எழுதுவாங்களா?"

அப்பா நினைவு. அவர் எதையும் எழுதி வைக்கிறவர் இல்லை. போக வேண்டிய கடையின் முகவரியைக்கூட மனப்பாடமாகத்தான் வைத்திருப்பார். சண்டைக் காலத்தில் சட்டைப் பையில் கிடந்த ஒரு துண்டுக் காகிதத்துக்காக அவருடைய கூட்டாளியைக் கொண்டுபோனார்கள். நான் வெளிக்கிடும்போது அவர் சொன்ன ஒரே புத்தி: "எழுதுறதை மட்டும் கவனமா வை."

எழுதாமல் எனக்கு நித்திரை வருவதில்லை. என்ன செய்ய.

ஜூலை 16, புதன்

கொப்பியைத் தலையணைக்குக் கீழே வைத்துப் போனேன். பேனை உள்ளே, எழுதின பக்கத்தில். வந்து பார்த்தால் பேனை அட்டைக்கு மேலே.

நா. கட்டிலில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை ஷிப்ட், இரண்டு மணிக்கே வந்துவிட்டாள். அறையில் மூன்று மணி நேரம் தனியாக.

இவளை நம்பக்கூடாது. அந்தச் சிரிப்பு சரியில்லை. கள்ளி.

ஜூலை 18, வெள்ளி

நேற்றுக் காலை பக்கங்களுக்கு நடுவே ஒரு நூல் வைத்தேன், சிவப்பு. மாலையில் நூல் தரையில். ஆகவே உறுதி.

இன்றிலிருந்து கொப்பி, கடவுச்சீட்டு, விசாக் கடிதம் எல்லாம் பையில் என்னோடு. பஸ்ஸில் பையை மடியில் கட்டிப் பிடித்தபடி. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "தங்கமா வச்சிருக்க உள்ள?" என்றார். சிரிக்க முடியவில்லை.

என்னை இவர்கள் என்னவென்று நினைக்கிறார்கள்?

ஜூலை 21, திங்கள்

 ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

நாலு மணிக்கு வந்தேன். மு. படிக்கட்டில் நின்றார், கையில் தண்ணீர்ச் செம்பு.

"இந்தாம்மா. குடிச்சுப் பாரு."

குடித்தேன்.

"உப்பா இருக்கா?"

"இல்லையே."

"அப்புறம் எதுக்கு எங்க வீட்டுத் தண்ணி உப்புன்னு எழுதி வச்சிருக்க? இருவது வருஷமா நாங்க குடிக்கறோம்."

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆக, கொப்பியைப் படிக்கிறார்கள். நா. படித்துக் கீழே சொல்கிறாள். முதலில் நினைத்தது அவ்வளவுதான். அறைக்கு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டு முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டு தரம்.

தண்ணீரைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை.

நா. வெளியே போயிருந்தாள். மரக்கறிப் பையோடு வந்தாள். கதவை மூடிவிட்டு நேராகக் கேட்டேன்.

"அக்கா, என்ர கொப்பியைப் படிச்சனீங்களோ?"

"என்னது?"

"நோட்டு. இந்த நோட்டு."

பையை இறக்கி வைத்தாள். தக்காளி உருண்டது. எடுக்கவில்லை.

"தொறந்தேன்" என்றாள். "படிக்கல."

"பொய். தண்ணி உப்பு எண்டு அவர் கேக்கிறார்."

"அது நானா இட்டுக்கட்டிச் சொன்னது." கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "எனக்குத் தமிழ் படிக்க வராது தர்ஷி. பேரிகைல நான் படிச்சது தெலுங்கு மீடியம். பேசுவேன். எழுத்து வராது. பஸ்கூட நம்பர் பாத்துத்தான் ஏறுவேன்."

 அவளே சொன்னாள். அந்தப் பொண்ணு தினமும் என்ன எழுதுது, பார்த்துச் சொல், இல்லையென்றால் இரண்டு பேரும் காலி பண்ணுங்கள் என்று மு. சொல்லியிருக்கிறார். படிக்கத் தெரியாது என்று அவரிடம் சொல்ல வெட்கம். கம்பெனி வண்டி இந்தத் தெரு முனைக்குத்தான் வரும், வீடு மாறவும் முடியாது. அதனால் கொப்பியைத் திறந்து, எழுத்தைப் பார்த்துவிட்டு, வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்குப் படிக்கட்டில் கேட்டதும் அதுதான். தினமும் எழுதுகிறாளா? தினமும். ரோஜா இல்லை.

"வேற என்ன சொன்னீங்கள்?"

"சாப்பாட்டுல காரம் பத்தலைன்னு எழுதியிருக்கன்னு சொன்னேன். நாய்க்குப் பயப்படறன்னு. அம்மாவை நெனச்சு அழறன்னு."

கடைசியானதை நான் எங்கும் எழுதவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது இரண்டு தரம். அவளுக்குக் கேட்டிருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

மழை. வகுப்புக்குப் போகவில்லை.

நா. வேலையிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "நெஜமா என்னதான் எழுதியிருக்க? படி. கேக்கறேன்."

படித்தேன். மழை, வாளி, காபித்தூள். அந்த இடத்தில் நன்றாகச் சிரித்தாள். அப்பாவின் கூட்டாளி வந்ததும் சிரிப்பு நின்றது. பிறகு 16ஆம் தேதி. "இவளை நம்பக்கூடாது. அந்தச் சிரிப்பு சரியில்லை." படித்தேன். அதற்கடுத்த ஒற்றைச் சொல்லை விழுங்கிவிட்டேன்.

கையால் வாயை மூடிக்கொண்டாள். "சிரிப்புல என்ன?"

"ஒண்டுமில்லை. அப்ப தெரியாம எழுதினது."

"அவ்ளோதானா?"

"ஓம்."

என் முகத்தையே பார்த்தாள். எழுந்து போய்த் தக்காளி அரிந்தாள். 

ஜூலை 23, புதன்

கீழே போனேன். கடவுச்சீட்டு, விசாக் கடிதம், படிவத்தின் நகல், மூன்றையும் மு. முன்னால் வைத்தேன். கொப்பியை வைக்கவில்லை.

"இதில எல்லாம் இருக்கு ஐயா. வேறு என்ன தெரிய வேணுமோ என்னட்டைக் கேளுங்கோ. அக்காவைக் கேக்க வேண்டாம்."

கதிரையில் இருந்தபடி காகிதங்களைப் புரட்டினார். பிறகு சொன்னார். இந்த மாடியில் முன்பு ஒரு பையன் இருந்தானாம். நல்ல பையன், வாடகை தவறமாட்டான். ஒரு நாள் போலீஸ் வந்தது. திருட்டு வண்டி விற்கிற கூட்டமாம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. தெரியாதுன்னு சொன்னா நம்பணுமே. மூணு மாசம் ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். அதுல இருந்துதான் என் வீட்டுக்காரிக்கு உடம்பு கெட்டு மக வீட்டோட போய்ட்டா."

"நான் அந்தப் பொடியன் இல்லை ஐயா."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். 

காகிதங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. வாசலில் நிற்கும்போது மட்டும், "தண்ணி நெஜமா நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

நல்ல தண்ணீர் என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

மு.வுக்குப் போலீஸிலிருந்து போன் வந்ததாம். "படிக்கற பொண்ணு, ஒழுங்கா போகுது வருதுன்னு சொன்னேன்" என்று மாடிக்குக் குரல் கொடுத்தார். மேலே வரவில்லை. காலி பண்ணச் சொல்லும் பேச்சும் இல்லை.

நா. மூன்று நாளாக அளந்துதான் பேசுகிறாள். இன்றைக்குத் துணி மடிக்கும்போது திரும்பாமலே கேட்டாள்.

"அன்னைக்கு எழுதினதைத்தான் படிச்சியா?"

"ஓம் அக்கா."

"எனக்கு எப்படித் தெரியும்? நானும் பக்கத்தைப் பாத்துக்கினே பொய் சொன்னவதான. அது எவ்ளோ ஈஸின்னு எனக்குத் தெரியும்."

துணியை அலுமாரியில் வைத்தாள்.

"ஒரு எடத்துல நின்ன. மூச்சு வாங்கற மாதிரி. அங்க என்ன இருந்துச்சு?"

கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தேன்.

ஜூலை 26, சனி

காலை ஐந்தரை மணி. பனி, எதிர் வீடு தெரியவில்லை.

நா.வின் தொழிற்சாலை லைனில் சேலத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாளாம், நன்றாகப் படிப்பாளாம். நேற்றிரவு படுக்கும்போது, நோட்டைக் கொடு, இடைவேளையில் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன் என்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம். கிழித்தால் தையல் பிரிந்து பின்னால் இன்னொரு தாள் கழன்று வரும், தெரிந்துவிடும். மை ஊற்றலாம். அதுவும் தெரியும். இரவு முழுக்க இதைத்தான் யோசித்தேன். அவளிடம் நானே சொல்லிவிடலாம் என்றும் வாயைத் திறந்தேன், வரவில்லை.

கிழிக்கவில்லை.

அக்கா, சேலத்துப் பெண் இதையும் உங்களுக்குப் படிப்பாள். 16ஆம் தேதி கடைசிச் சொல். அதை எழுதினது நான். அன்று அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கு இல்லை.

செருப்பு மாட்டிவிட்டாள். வண்டி ஹார்ன் அடிக்கிறது. கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கொடுக்கிறேன்.