அந்தத் துப்பாக்கியை மட்டும் நேராக்க வேண்டாம்

அனுப்புநர்:
தற்காலிகப் பணிநீக்கத்தில் உள்ள காவலரின் மனைவி,
காவலர் குடியிருப்பு, மேல்மாடி, கடைசி வீடு.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: மருந்துக் கடைச் சம்பவத்தில் பயன்படுத்தப்பட்ட கைத்துப்பாக்கியின் 'சைட்'டைப் புதிய கருவியில் வைத்துச் சரிசெய்யாமல், இருக்கிற நிலையிலேயே சோதிக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மருந்துக் கடைக்குள் புகுந்த திருடன், கல்லாவில் இருந்த பெண்ணின் கழுத்தில் கத்தியை வைத்தான். என் கணவர் அவன் தோளைக் குறிபார்த்துச் சுட்டார். குண்டு வலப்புறம் ஒரு சாண் தள்ளிப்போய் அந்தப் பெண்ணின் மேல் பாய்ந்தது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. இதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை.

2. குறிபார்ப்பதற்காகத் துப்பாக்கியின் பின்பக்கத்தில் ஒரு சிறு இரும்புத் துண்டு இருக்கிறது. ஆயுதக் கிடங்கில் அதை 'சைட்' என்பார்கள். அது ஓர் அரிசி அகலம் நகர்ந்தாலும் குண்டு அந்தப் பக்கம் விலகும் என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சம்பவத்துக்கு முந்தைய வாரப் பயிற்சியில் என் கணவர் சுட்டதெல்லாம் வலப்புறமே போயிருக்கிறது. "கண்ணைப் போய்க் காட்டுய்யா" என்று பயிற்சி அதிகாரி திட்டியிருக்கிறார். கண்ணைக் காட்டினார், கண்ணில் குறையில்லை. பிறகு துப்பாக்கியைக் காட்டினார்.

3. சைட்டைக் கழற்றவும் நேராக்கவும், துப்பாக்கியை இறுக்கிப் பிடித்துத் திருகால் மெல்லத் தள்ளும் கருவி ஒன்று உண்டாம். நம் கிடங்கில் அது இல்லை. அங்கே எல்லா நோய்க்கும் ஒரே மருந்து, சுத்தியல். பழுதுபார்ப்பவருக்குப் பெயரே 'சுத்தியல் ஏட்டு'. அவரைக் குறை சொல்லவில்லை. கருவி கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "ரெண்டு தட்டு தட்டியாச்சு, எடுத்துட்டுப் போ தம்பி" என்று கொடுத்தனுப்பினார். சுட்டுப் பார்க்கக் குண்டு ஒதுக்கவில்லை. அந்தத் துப்பாக்கியோடுதான் என் கணவர் மருந்துக் கடைக்குப் போனார்.

4. சோதனைக்கூடத்தில், குண்டு அந்தத் துப்பாக்கியிலிருந்து வந்ததா என்று மட்டும் பார்த்தார்கள். அது குண்டை எந்தப் பக்கம் அனுப்புகிறது என்று யாரும் பார்க்கவில்லை. துப்பாக்கி கிடங்குக்கே திரும்பிவிட்டது.

5. இப்போது கருவி வந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு முன் எல்லாத் துப்பாக்கிகளையும் அதில் வைத்து நேராக்க உத்தரவாம். குடியிருப்புக் குழாயடியில் பெண்கள் சந்தோஷமாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கோ இது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்தத் திருகை ஒரு சுற்றுச் சுற்றினால், என் கணவர் பக்கம் இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும்.

6. அவர் தமக்காக வாதாடவில்லை. "என் கைதான்டி" என்று கையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார். திங்கட்கிழமை விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார். எங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றை அவிழ்த்துப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். துணிகளை நாற்காலி மேல் உலர்த்துகிறேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகவே, அந்த ஒரு துப்பாக்கியில் மட்டும் யாரும் கை வைக்காதபடி இன்றே பூட்டி வைத்து, விசாரணை அதிகாரி முன்னிலையில் வேறொருவர் கையால் சுட்டுப் பார்க்க உத்தரவிட வேண்டுகிறேன். குண்டு நேராகப் போனால் தண்டனையை அவர் ஏற்கட்டும். நான் மறுபடி தங்கள் வாசலுக்கு வர மாட்டேன்.

இம்மனுவில் உள்ள இரண்டாவது கையொப்பம் இறந்த பெண்ணின் கணவருடையது. நான் போய்க் கேட்டபோது கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் அவரே வந்து, உள்ளே வராமல் வாசலில் நின்றபடி கையெழுத்திட்டார். "உங்களுக்காகப் போடல. அவ எதனால செத்தான்னு எனக்குத் தெரியணும்" என்றார். எனக்குச் சொல்லாவிட்டாலும் அவருக்குத் தாங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

நாள்: புதன்கிழமை
இடம்: காவலர் குடியிருப்பு

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
காவலரின் மனைவி

(கையொப்பம்)
இறந்தவரின் கணவர்