செல்வியோடு மலை தாண்டிய நாள்

ஏட்டி செல்வி,

இப்படிக் கூப்பிட்டால் மாடியிலிருந்து "என்னக்கா?" என்று உன் சத்தம் வரும். இப்போது மாடி பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம், ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். பொய்தான். வேறு என்ன சொல்ல?

நீ குடிவந்த முதல் வாரமே நமக்குச் சண்டை. மீன் வாசமே அறியாத எங்கள் வீட்டு மாடியில் நீ கருவாடு வறுத்தாய். நான் கீழே நின்று கத்தினேன். "சன்னல அடைச்சுக்கிடுங்க, எனக்குப் பசிக்கி" என்றாய். என்னிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. நான் கோயில் மரியாதை வாங்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, முப்பது வருஷத்துக்கு மேல் கணவர் சொல்லுக்கு மறுசொல் பேசாதவள். நீ அடித்த புருஷனை விட்டு வெளியேறி, தென்காசி ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றபடி சேலை விரித்துக் காட்டியவள். நாம் எப்படி ஒட்டிக்கொண்டோம்? எனக்கு இன்றுவரை புரியவில்லை.

என் கணவர் காலமான பிறகு ஷெட்டில் கிடந்த காரை விற்கச் சொன்னான் என் மகன். "நீங்க ஓட்டப் படிங்கக்கா. பெட்ரோல் போட்டா யாருக்கும் ஓடும்லா" என்று டிரைவிங் ஸ்கூலுக்கு இழுத்துப் போனது நீ. கடைசியில் அந்தக் காரில்தான் உன்னை ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தது. மார்பில் இருந்த கட்டி ஈரலுக்கும் பரவிவிட்டதாக டாக்டர் சொன்ன அன்று, திரும்பும் வழியில் நீ ஒன்றே ஒன்று கேட்டாய்.

"யக்கா, புனலூர் வரைக்கும் ஓட்டுவீயளா?"

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் புனலூரில்தான் உன் மகள் உமாவைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு உனக்குச் சொல்லவில்லை. வாசுதேவநல்லூரில் அவள் அப்பன் வீட்டில் நீ விட்டுவந்தபோது ஏழு வயதுப் பிள்ளை அவள்.

புளியரை மலை வளைவுகளில் எதிரே லாரி வர, நான் பிரேக்கை மிதித்துவிட்டு உன்னைப் பார்த்தேன். "ரோட்டைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க. நான் எப்படியும் சாவப்போறவ, நீங்க பயந்து செத்துராதீங்க" என்றாய். சிரித்தேன். மலை முழுக்கச் சிரித்துக்கொண்டேதான் போனோம், இல்லையா? புனலூர் பெயர்ப்பலகை கண்ணில் பட்டதும் நீ தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டாய்.

உமா கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு உள்ளே நின்றே கேட்டாள்.

"இப்ப எதுக்கு வந்தீய?"

"சும்மா, உன்னப் பாக்கத்தான் மக்கா."

"சின்னப் பிள்ளையா வாசல்லயே நின்னேனே, அப்ப எங்க போனீய?"

நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாய். அவள் உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டினாள். முழுவதையும் குடித்துவிட்டு, "போய்ட்டு வாறேன்" என்று காரில் ஏறிக்கொண்டாய்.

தென்மலை தாண்டும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "நீ அவளைத் தேடி எத்தனை தடவை போனே, அவ அப்பன் வீட்டு ஆளுங்க வாசல்லயே வச்சு உன்னை அடிச்சு விரட்டினாங்களே, அதைச் சொல்லக்கூடாதா?"

"சொன்னா அவளுக்கு அப்பனும் இல்லாமப் போயிரும்க்கா. என்மேல கோவமா இருந்துட்டுப் போட்டும். நீங்களும் சொல்லக்கூடாது, சத்தியம் பண்ணுங்க."

சரி என்றேன்.

வீட்டுக்குப் போகாமல் குற்றாலத்துக்கு விடச் சொன்னாய். சாரல் காலம், பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். ஊரார் பார்க்கக் குளிப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. எப்போது வந்தாலும் நான் துணிமணிக்குக் காவல் நிற்பவள். நீ தலைத்துணியை அவிழ்த்துவிட்டு, முடியில்லாத தலையோடு தண்ணீருக்குள் நடந்தாய். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். உன்னைத் தனியே விட மனமில்லாமல், கட்டிய சேலையோடு நானும் பின்னால் வந்தேன். அருவிச் சத்தத்தில் நீ அழுதது அங்கே யாருக்கும் கேட்கவில்லை. உன் முதுகில் கை வைத்திருந்ததால் எனக்கு மட்டும் தெரிந்தது.

மார்கழியில் நீ போனாய். உமாவுக்கு நான்தான் போன் செய்தேன். வந்தாள். உன் கால்மாட்டில் உட்கார்ந்தாள், ஆனால் அழவில்லை. பதினாறாம் நாள் எல்லோரும் கிளம்பிய பிறகு, சமையலறை வாசலில் நின்று என்னைக் கேட்டாள். "ஆச்சி, எங்கம்மா ஒரு தடவகூட என்னைத் தேடலையா?"

நீ கேட்ட சத்தியம் நெஞ்சில் நின்றது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து, தேடவில்லை என்று எப்படிச் சொல்வேன்? எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் செல்வி. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், "வெறும் தண்ணியக் குடுத்து அனுப்பிட்டேனே" என்று சொல்லி என் மடியில் விழுந்தாள். அப்பனிடம் இதைப் பற்றி அவள் கேட்டாளா, என்ன சொன்னார், தெரியாது. நானும் கேட்கவில்லை. உனக்கு என்மேல் கோபமா?

உனக்குத் தெரியாத சேதி ஒன்று இருக்கிறது. உமா மாசமாக இருக்கிறாள். போன வாரம் போனில், "தலப்பிரசவத்துக்கு எல்லாரும் அம்மா வீட்டுக்குத்தான போவாங்க, ஆச்சி" என்றாள். நான் போனைப் பிடித்தபடியே மாடிச் சாவியைத் தேடினேன்.

"அவ நமக்கு யாரும்மா?" என்று மகன் கேட்கிறான். "என் தங்கச்சி மக" என்று சொல்லிவிட்டேன்.

மாடியைக் கழுவி வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். வளைகாப்பு முடிந்ததும் நானே மலையேறிப் போய் அவளைக் கூட்டிவருவேன். பிள்ளை பிறந்ததும் முதல் தண்ணீர் என் கையால் ஊற்றுவேன். அதன் பாட்டி யார் என்று, காது கேட்கத் தொடங்கிய நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பேன். இது சத்தியம். இதை மீற மாட்டேன்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
கோமதி