ஈறில் ஊர்ந்தவை

குரோதன வருஷம், ஆவணி 4

கோட்டையில் இன்று ஓயாத வேலை. உலாந்தாக்காரர் டச்சு பாஷையில் பேசுவதைத் தமிழில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. துபாஷி வேலை என்றால் ஊரில் பெருமை. வீட்டிலோ வாயைத் திறக்கவே பயம். மனைவி பச்சையம்மா சாதத்தை அளைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஈறு வீங்கி, துப்பினால் ரத்தம், முன்பல் ஒன்று ஆட்டம். பேதி கண்டு செத்துப்போன பிள்ளைக்காக அழுகிறாளா, பல்வலியில் அழுகிறாளா? கேட்கத் தைரியம் இல்லை.

ஆவணி 9

அக்கா பொன்னியம்மாள் வந்து கண்டங்கத்திரி விதையைச் சுட்டு, என் மனைவியின் வாய்க்குப் புகை காட்டினாள். தண்ணீர்ச் சட்டியில் வெள்ளையாய் ஏதோ விழுந்தது. "பாரு, பல்லு புழு!" என்றாள். எனக்கு விதைத் தோலாகத்தான் தெரிந்தது. வீக்கம் அப்படியே இருக்கிறது.

ஆவணி 15

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அவளைப் படகில் ஏற்றிக் கோட்டை வைத்தியரிடம் கூட்டிப்போனேன். பித்தளைத் தகட்டில் கடுகளவு கண்ணாடி பதித்த, பொடியதைப் பெரிதாகக் காட்டும் கருவி ஒன்று வைத்திருக்கிறார். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஈறில் சுரண்டிய அழுக்கை மழைத்தண்ணீரில் கலந்து எனக்குக் காட்டினார். அத்தனையும் உயிர்! சில விலாங்குபோல ஓடின. சில சிந்திய கஞ்சி மாதிரி மெல்லப் பரவிப் பரவி நகர்ந்தன.

நான் ஒரு மடையன். திரும்பும்போது துடுப்புப் போட்டுக்கொண்டே பார்த்ததையெல்லாம் அவளிடம் சொல்லி, "உன் வாய்க்குள்ள ஒரு ஏரியே கீது, வலை போட்லாம்" என்று கேலி செய்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"அத்தினியும் உசுரா?" என்றாள்.

"ஆமா."

"நான் மென்னுதானேய்யா புள்ளைக்கு ஊட்டினேன்?"

எங்கள் குப்பத்தில் எந்தத் தாய்தான் அப்படிச் செய்யவில்லை? மடவை மீனை வாயில் போட்டு, நாக்கால் முள் தேடி எடுத்து, மென்று குழைத்துப் பிள்ளை வாயில் வைப்பார்கள். முள் குத்தக்கூடாதே என்றுதான். என்னையும் அப்படித்தான் வளர்த்தார்கள்.

"அதுனால இல்ல பச்ச" என்றேன்.

ஆவணி 16

அவள் சாப்பிடவில்லை.

ஆவணி 22

வைத்தியரிடம் நேராகவே கேட்டேன்: இவைதாம் பிள்ளையைக் கொன்றனவா?

"இவை ஈறைக் கெடுத்தனவா, கெட்ட ஈறில் வந்து குடியேறினவா, அதுவே எனக்குத் தெரியாது. பிள்ளை விஷயத்தில் நான் என்னவென்று சொல்வேன்?" என்றார். பிறகு தன் பல்லைச் சுரண்டிக் கண்ணாடியில் காட்டினார். அங்கேயும் இருந்தன, கொஞ்சமாக. அடுத்து என்னுடையது. அடேயப்பா, திருவிழாக் கூட்டம்!

என் வாய் நாறுகிறது என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவள் மட்டும் இல்லை, எல்லார் வாயிலும் இருக்கிறது! நாளைக்கே அவளைக் கூட்டிவந்து காட்டிவிட வேண்டும். பார்த்தால் மனம் ஆறும்.

ஆவணி 23

வர மாட்டேன் என்றவளைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். வைத்தியர் என் ஈறைச் சுரண்டி வைத்தார். அவள் கண்ணாடியில் கண்ணை வைத்தாள். பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது என் வாயில எடுத்தது. பாத்தியா, எனக்கும் கீது" என்றேன்.

அவள் கருவியை மெல்லக் கீழே வைத்தாள்.

"உனக்கும் குட்த்துட்டேனாய்யா?"

அவ்வளவுதான். எழுந்து நடந்தாள். "என்னுடையதையும் பார்க்கச் சொல்" என்று வைத்தியர் அவர் பாஷையில் கத்துகிறார். நான் தமிழில் கத்துகிறேன். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நான் இன்னா செய்வேன்? ஐயோ, இன்னா செய்வேன்? காட்டாமலாவது இருந்திருக்கலாமே.

புரட்டாசி 11

எனக்குத் தனிச் செம்பு, தனிச் சட்டி. அவள் தொட்டதை நான் தொடக்கூடாதாம். வைத்தியருக்கும் இருக்கிறது என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன்! "என்னத் தேத்தறதுக்கு சொல்ற" என்கிறாள்.

ஐப்பசி 27

அடைமழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஈறு வீக்கம் தானாகவே கொஞ்சம் வடிந்திருக்கிறது. சாப்பிடுகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள்.

பக்கத்து வீட்டு மணியம்மாள் கருவாட்டை உள்ளே எடுத்துவைக்க ஓடும் அவசரத்தில், "செத்த நேரம் பாத்துக்க" என்று தன் கைக்குழந்தையை இவளிடம் நீட்டினாள். மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். இரு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்குமுன் முந்தானையால் தன் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.