செருமினால் திரும்ப வேண்டும்

மார்ச் 4

பீப்பாய்–தீக்குச்சி நகைச்சுவை ஜோடியைப் பிரித்தது நான் என்று பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். தீக்குச்சி இறந்து மூன்று வாரம். விதவைக்கு இந்த மரியாதை. ‘மனைவியின் கௌறவத்துக்காக’ விலகினாராம். கௌரவத்தைக்கூடப் பிழையாகத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். பிரித்தது நான் அல்ல, ஓர் அடி. கடைசிப் படத்தில் பீப்பாய் நிஜமாகவே அறைந்தார். என் கணவரின் இடது காது போயிற்று. முப்பத்தெட்டு வருடம் அவருக்கு வலப்பக்கமாகவே நடந்தேன்.

மார்ச் 6

அவருடைய சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கினேன். யாருக்காக?

மார்ச் 9

காது போனபின் அவர்கள் படம் எதையும் நான் பார்த்ததில்லை. இன்று மருமகள் கணினியைக் கொண்டுவந்தாள். “ரெண்டே நிமிஷம் அத்தை. புடிக்கலன்னா நிறுத்திடுறேன்.”

மழை. ஒரே குடை. பீப்பாய்க்கே அது போதவில்லை. இவர் வெளியே நின்று நனைந்தபடி குடையைப் பிடிக்கிறார்.

“ஏன்டா நனையிற?”

“உங்களுக்குத் துணைக்குத்தாண்ணே.”

சிரித்துவிட்டேன். அது அழுகையாக மாறியதும் நிறுத்த முடியவில்லை. மருமகள் முன்னால் – வெட்கக்கேடு.

மார்ச் 10

இன்று மூன்று படம். கன்னத்தில் விழும் அறைகளை மட்டும் கவனித்தேன். அதற்கு ஒரு முறை உண்டு, அவரே சொன்னது: அடி வாங்குபவன்தான் எசமான். அவன் செரும வேண்டும், அதுதான் அடிக்கச் சைகை. செருமியதும் முகத்தைத் திருப்பி, கீழே தன் கையையே தட்டிச் சத்தம் கொடுக்க வேண்டும். அடிப்பவனின் கை காற்றில் போய்விடும். மூன்று படத்திலும் ஒரு விரல்கூட அவர்மேல் படவில்லை.

மார்ச் 11

கடைசிப் படம். அந்த அடியை வெட்டாமல் வைத்திருக்கிறார்கள்.

அவர் செருமுகிறார். முகத்தைத் திருப்பவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துச் சிரிக்கிறார். அடி விழுகிறது.

“மாமா யாரப் பாத்து சிரிக்கிறாரு?” என்றாள் மருமகள்.

என்னைப் பார்த்து. படப்பிடிப்புக்கு நான் போனது அந்த ஒரே நாள்தான். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கையசைத்தேன்.

“குடிச்சிட்டுத்தானே அடிச்சாரு?” என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். “விடேன்” என்றார். அவ்வளவுதான். மீதியை நானே முடிவு செய்து, பீப்பாய் இனி நம் வீட்டுப் படி ஏறக் கூடாது என்றேன். அதற்கும் அவர் வாய் திறக்கவில்லை.

ஏங்க சொல்லல? அழுதிருப்பேன், ரெண்டு நாள் சாப்பிடாம இருந்திருப்பேன். அவ்வளவுதானே. இப்ப யார்கிட்ட போய்க் கேப்பேன்?

மார்ச் 12

சாவு அன்று மகன் வந்து கேட்டான்: “அம்மா, அவர் வந்திருக்கார். உள்ள விடட்டுமா?”

“வேண்டாம்” என்றேன்.

வண்டி புறப்படும்வரை பீப்பாய் ஊன்றுகோலோடு வெயிலில் நின்றாராம்.

மார்ச் 14

மூன்று கடிதம் கிழித்தாயிற்று. நான்காவது இன்று தபாலில் போயிற்று. நகல்:

ஐயா,

அன்று தவறு உங்களுடையது அல்ல. அவர் திரும்பவில்லை, திரும்பாததற்குக் காரணம் நான். முப்பத்தெட்டு வருடம் உங்களைக் குடிகாரர் என்றேன். அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் விடவில்லை. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கேட்கிறேன்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். எனக்குத் தெரியாமல் எங்காவது சந்தித்திருப்பீர்கள்; அந்தக் காதுக்காக அவர் என்னை எப்போதாவது குறை சொன்னாரா? சொல்லியிருந்தால் மறைக்க வேண்டாம். போனில் பேச என்னால் ஆகாது. எழுதி அனுப்புங்கள்.