நெருப்புக் கரையில் என் இடம்

ஜனவரி 9
எனக்கு எழுத்து தெரியாது. மகள் லேகோஸிலிருந்து அனுப்பிய போனில், தேதி சொல்லிப் பேசி வைக்கிறேன். கேட்க ஆளில்லாவிட்டால் என்ன?

இன்றும் எண்ணெய்க் கிணற்றடிக்குப் போனேன். எண்ணெயோடு வரும் வாயுவைக் கம்பெனி அங்கே ஓயாமல் எரிக்கிறது. அந்தச் சூட்டில்தான் பெண்கள் மரவள்ளி வில்லை காய வைப்பது. நெருப்பைச் சுற்றிய மண்கரையில் யார் தட்டு எங்கே என்பது மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வரும். என் மனைவி ஒமோதே செத்தபின் அவள் இடத்தில் நான். பக்கத்து இடம் அடுத்த வீட்டுத் தெஜிரிக்கு.

"பொண்டாட்டி போனதும் இவரே பொண்டாட்டி ஆயிட்டாருடி!" என்றாள். சிரித்தேன். வீட்டில் யாரோடு சிரிக்க?

ஜனவரி 17
கம்பெனி எஞ்சினியர் வந்தார். குழாய் போட்டாயிற்றாம், வாயு இனி மின்நிலையத்துக்குப் போகுமாம். ஊர்ப் பெரியவர்கள் ஆறு பேர் கைநாட்டு வைத்தால் நெருப்பை அணைப்பார்கள். ஐந்து பேர் வைத்தாயிற்று. ஆறாவது நான்.

"வைக்காதீங்கண்ணே. நெருப்பு போனா வில்லையை எதுல காய வைப்போம்? உங்க மண்டையிலயா?" தெஜிரிதான்.

ஜனவரி 18
நெருப்பு மூட்டிய நாள் நினைவிருக்கிறது. மகள் தவழத் தொடங்கிய வாரம். இனி ராத்திரி விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்க வேண்டாம் என்று ஒமோதே கைதட்டினாள். கடைசி வருஷம் அவள் துப்பியதெல்லாம் கறுப்பு. நெருப்பாலா? டாக்டர் சொல்லவில்லை. நான் பார்த்தேனே.

ஆனா அது அணைஞ்சா எனக்கு யாரு இருக்கா?

ஜனவரி 20
வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 26
அணைந்தது. தெஜிரி என் தட்டைக் கொண்டுவந்து வாசலில் எறிந்தாள். "கைநாட்டு வெச்ச கையாலயே காய வெச்சுக்க." இந்த முறை 'அண்ணே' இல்லை.

மார்ச் 4
யாரும் வரவில்லை.

மார்ச் 15
பெண்கள் வெயிலில் காய வைக்கிறார்கள். ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆகிறது. தூரத்திலிருந்து பார்த்தேன். போகவில்லை.

ஏப்ரல் 3
நெருப்பு அணைந்தபின் மூன்றாவது மழை. முதல் இரண்டும் என் தகரக் கூரையின் கரியைக் கழுவிப் போயின. இன்று விழுந்த தண்ணீரில் பாத்திரத்தின் அடி தெரிந்தது. இந்தக் கூரைத் தண்ணீரை இத்தனை வருஷம் நாய்கூடக் குடித்ததில்லை.

தெஜிரி வாளியோடு வந்தாள். அவள் வீடு ஓலை. என் கூரை ஒழுக்கில் வைத்தாள். ஒரு கை ஏந்திக் குடித்தாள்.

"இனிக்குதா?" என்றேன்.

"உன்கிட்ட யாரு பேசினா?"

நிரம்பும்வரை நின்றாள். நல்ல வேளை, பெரிய வாளி.