எட்டு மணி ஜெபமும் ஆபீஸ் போனும்

அன்பான என்னங்க,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. இப்போது மட்டும் எப்படி வரும்?

நீங்கள் போன பிறகு நம் திருப்போரூர் வீட்டைச் சுற்றி மனைக் கல்லாக நட்டுவிட்டார்கள். ஓ.எம்.ஆர் ரோட்டில் என் ஆபீஸ் பஸ் நகரவே மாட்டேன் என்கிறது. எனக்கு டீம் லீட் வேலை கொடுத்திருக்கிறார்கள். போதாதென்று இன்னும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிட வந்த பக்கத்துத் தெரு எஸ்தர் அக்கா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இன்னா மா, எப்பப் பாத்தாலும் ஓடிக்கினே கீற? கர்த்தருக்கு ஒரு அரை மணி நேரம் குடுக்க முடியாதா?"

"தலைக்கு மேல வேலை, அக்கா" என்றேன். பொய். சும்மா உட்கார்ந்தால் கண்ணை மூட வேண்டும். மூடினால் மாமல்லபுரம் ரோட்டில் நொறுங்கிக் கிடந்த உங்கள் பைக்தான் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று எப்படிங்க சொல்வது?

எட்டு மணிக் குடும்ப ஜெபத்தை நம் ஷீபா மட்டும் விடவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை, உங்களை மாதிரியே பாய் விரித்து, பைபிளை எடுத்து வைத்து, முட்டி போட்டுவிடுகிறாள். ஆபீஸ் போனும் சரியாக அப்போதுதான் வரும். அவள் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்ததும் நான் பூனை மாதிரி எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அவள் முடிப்பதற்குள் வந்து பக்கத்தில் முட்டி போட்டுவிடலாம் என்று நினைப்பு.

போன வாரம் அந்தக் கணக்கு தப்பிவிட்டது. யாரோ செய்த தவறுக்கு அந்தப் பக்கம் ஒருவர் கத்த, நான் சமாதானம் சொல்ல, நேரம் போனதே தெரியவில்லை. போனை வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், பிள்ளை அப்படியே இருக்கிறாள். கண் மூடி, கை கூப்பி. கால் நடுங்குகிறது.

"ஏண்டி, இன்னுமா முடிக்கல?"

"எப்பவோ முடிச்சிட்டேன். நீதான் இன்னும் ஆமென் சொல்லல. எல்லாரும் சொன்னப்புறம்தான் கண்ணத் தொறக்கணும்னு டாடி சொல்லியிருக்காங்கல்ல?"

ஐயோ, என்னங்க! அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆமென் வரவில்லை, கோபம்தான் வந்தது. "ஆண்டவரே, நீர் ஏன் அவரை எடுத்துக்கிட்டீர்? உமக்கு வேற ஆளே கிடைக்கலியா? உம்மகிட்ட பேசப் பிடிக்காமத்தான் ஓடிட்டிருக்கேன், தெரியாதா உமக்கு?" சத்தம் போட்டே கேட்டேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டுமே.

ஷீபா மிரண்டுவிட்டாள். "அம்மா, ஆண்டவரைத் திட்டலாமா?"

"தெரியலடி."

அவள் மெதுவாகக் கேட்டாள்: "அப்போ நானும் திட்டட்டுமா?"

நீங்கள் போனதிலிருந்து இவள் அழாததைப் பார்த்து, பிள்ளை எப்படியோ தேறிவிட்டாள் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்?

இனிமேல் எட்டு மணிக்குப் போன் எடுக்க மாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப லீட் வேலைய வேற யாருக்காவது குடுக்க வேண்டியிருக்கும்மா" என்றார். கொடுக்கட்டும். ஸ்தோத்திரம் இன்னும் என் வாயில் வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. சத்தியம் பண்ணக் கூடாது என்பீர்கள். பண்ணுகிறேன். அவள் ஆண்டவரை எத்தனை நாள் திட்டினாலும், திட்டித் தீர்க்கும்வரை பக்கத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

உங்கள் மனைவி,
ஷீபாவின் அம்மா