கவிழ்த்த சீட்டும் மச்சானின் கால்விரலும்

ஆனி 9
காலையில் தூறல், பத்து மணிக்கே வெயில். செவ்வாய்ப்பேட்டைக் கடைக்கு இன்றும் நூல் மூட்டை வரவில்லை. கேட்டால் யுத்தம் என்கிறார்கள். தராசைத் துடைத்தேன். வேறு வேலை இல்லை.

மதியம் மச்சான் குப்புசாமி (மனைவி ரங்கத்தின் அண்ணன், இனி கு.) கடைப் பின்கட்டில் வந்து உட்கார்ந்தார். புது ஆட்டம் சொல்லிக் கொடுத்தேன். ஏற்காட்டு எஸ்டேட் பட்லரிடம் கற்றது. ஆளுக்கு ஒரு சீட்டு கவிழ்த்து, நாலு சீட்டு மலர்த்தி. சீட்டு விழ விழப் பந்தயம்.

"எல்லாந்தான் வெளிய தெரியுதுங்களே மாப்ள. இதுல யாரு யாரை ஏமாத்தறது?"

எனக்கு மட்டும்:
– ஜோடியும் இல்லை, எதிராளி காட்டுவதைவிடப் பெரிய சீட்டும் இல்லை என்றால் உடனே சீட்டைப் போட்டு விலகிவிடுவது.
– போட்ட சீட்டுகளை மறக்காமலிருப்பது.
– வரும் வரும் என்று காத்திருக்கவே கூடாது. (கு. காத்திருப்பார்.)

ஆனி 12
புழுதிக் காற்று. பந்தயம் நூல் சிட்டம். கு. ஏழு சிட்டம் தோற்றார்.

ஒன்று கண்டுபிடித்தேன். விழுந்த சீட்டு கையிலிருப்பதோடு ஜோடி சேர்ந்தால் அவர் வலது கால் பெருவிரல் தரையை அழுத்துகிறது. இருபது வருஷம் குழித்தறியில் மிதித்த கால். அவருக்கே தெரியாது. முகத்தை மட்டும் கல் மாதிரி வைத்துக்கொள்கிறார், பாவம்.

பாவமாவது. மாரியம்மன் பண்டிகைப் பந்தியில் என்ன சொன்னார்? "நம்ம மாப்ளைக்கு மிதி எட்டாதுங்க, அதான் கடையில தராசு புடிக்கிறாரு." பந்தியே சிரித்தது. எனக்கு இடது கால் குட்டை, பிறவியிலேயே. ரங்கமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆனி 15
செருப்பு வார் அறுந்தது. கத்தரிக்காய் கசப்பு. ரங்கத்துக்கு ஆறு மாசம், கால் வீக்கம்.

"ஏனுங்க, அண்ணன் ஊட்ல ஒரு சிட்டங்கூட இல்லையாமா. தறியில இருக்கற பாவு நூலோட சரியாமா. அப்புறம் அவங்க என்னத்தத் திம்பாங்க? ஆட்டத்த உட்ருங்க."

சரி என்றேன்.

ஆனி 17, அமாவாசை
தறிகளுக்கு ஓய்வு. கு. குளித்து, திருநீறு பூசி வந்தார்.

அவர் வெளியே காட்டியது: ஏழு, பத்து, மறுபடி பத்து, கடைசியில் ஆஸ். இரண்டாவது பத்துக்கு மட்டும் விரல் அழுத்தியது. ஏழுக்கு இல்லை, முதல் பத்துக்கு இல்லை, ஆஸுக்கும் இல்லை. ஆக, பத்து ஜோடி, அவ்வளவுதான். என்னிடம் வெளியே ராணி ஒன்று, மற்றதெல்லாம் குப்பை. கவிழ்ந்திருந்தது இன்னொரு ராணி.

ஜெயித்த சிட்டம் எல்லாம் ஒரு பக்கம், உங்கள் தறி ஒரு பக்கம் என்றேன். யோசித்தார். நூல் இல்லாத தறியை வைத்து என்ன செய்வீர்கள் என்று நானே எடுத்துக் கொடுத்தேன். தலையாட்டினார்.

ராணியைத் திருப்பினேன். அவர் தன் பத்து இரண்டையும் கவிழ்த்து வைத்தார்.

"மாப்ள, பாவுல இன்னும் அஞ்சு முழந்தானுங்க. ரெண்டு நாளு குடுங்க, முடிச்சர்றேன்."

முடியாது என்றேன். இனித்தது.

ஆனி 18
மேகமூட்டம். வண்டி பேசி, தறியைப் பிரிக்க ஆள் கூட்டிப் போனேன். நெய்துகொண்டிருக்கும் பாவு நூலை நடுவில் அறுக்க எங்களில் யாருக்கும் கை வராது. வந்த ஆட்களும் ஒதுங்கி நின்றார்கள். நானே அறுத்தேன். அரக்குச் சேலை, பச்சைக் கரை.

ரங்கம் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "ஐயோ, அது எனக்குங்க! வளைகாப்புக்கு அண்ணன் நெய்யறதுங்க!"

நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கு.வைக் கேட்டேன்.

"தோத்தவன் அதை எப்படிங்க மாப்ள சொல்லிக்காட்டறது?"

தறி வண்டியில் ஏறியது. ரங்கம் என்னோடு வரவில்லை.

ஆனி 19
நல்ல மழை. பழையசோறு. ரங்கத்தைக் கூட்டிவர அடுத்த வீட்டு அம்மாளை அனுப்பினேன். தனியாகத்தான் திரும்பி வந்தாள்.

"முன்னமே தெரிஞ்சிருந்தா அறுத்திருப்பீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் கேட்டுட்டு வரச் சொல்லுச்சுங்க சாமி."

மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலமே வந்துவிடுவாள். அந்த அம்மாள் முந்தானையைப் பிழிந்துகொண்டு வாசலில் நின்றாள்.

அறுத்திருப்பேன் என்று சொல்லி அனுப்பினேன்.